ஸ்டீராய்டு சைக்கிள் முடித்தவர் வைட்டமின் சாப்பிட்டால் ஹார்மோன் பழைய நிலைக்கு வருமா?

கேள்வியைச் சுருக்கமாக இங்கே போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். தம்பிக்கு 26 வயது. டெஸ்டோஸ்டிரோன் ஊசியும் டெக்கா என்ற நான்ட்ரோலோன் ஸ்டீராய்டு ஊசியும் சேர்த்து ஒரு சைக்கிள், அதாவது சில வாரங்கள் தொடர்ந்து ஸ்டீராய்டு, போட்டிருக்கிறார், கடைசிச் சில வாரங்கள் ஸ்டானசோலால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையும் எடுத்திருக்கிறார். நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. சோர்வு, எதிலும் ஆர்வமில்லை, முடி கொட்டுகிறது. ஜிம் டிரெய்னர் ஒரு லிஸ்ட் கொடுத்திருக்கிறார்: டெஸ்டோஸ்டிரோன் ஏற டி3யும் ஜிங்க்கும், ப்ரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) இறங்க பி6, கொலஸ்ட்ராலுக்கு நியாசின், "ஹார்மோன் பேலன்ஸுக்கு" வைட்டமின் ஈ, முடிக்கு பயோட்டின். "எல்லாம் வைட்டமின்தானே அண்ணா, கெடுதல் ஒன்றும் இருக்காதே? அடுத்த மாதம் டெஸ்ட் எடுத்தால் நார்மல் என்று வருமா?" என்று கேட்கிறார்.

நான் மருத்துவர் இல்லை. ஹார்மோன் டெஸ்ட் பார்க்கும் லேபில் வேலை செய்கிறேன், அதனால் என் பார்வை ரிப்போர்ட் பக்கமிருந்து வருவது. நேராகச் சொன்னால், இந்த லிஸ்டில் இருக்கும் எதுவும் உங்கள் ஹார்மோனைத் திரும்பக் கொண்டுவராது. ஆனால் ரிப்போர்ட்டில் வரும் நம்பரை மாற்றக்கூடிய ஒன்று அதில் இருக்கிறது, ஈரலைப் படுத்தக்கூடிய ஒன்று இருக்கிறது, நரம்பைக் கெடுக்கக்கூடிய ஒன்றும் இருக்கிறது.

சைக்கிள் போட்டபோது உள்ளே என்ன நடந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி அதன் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது, பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்று இரண்டு ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது, எல்.எச். விரைகளுக்குப் போய் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க வைக்கிறது, எஃப்.எஸ்.எச். விந்தணு வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் போதுமான அளவு இருந்தால் மேலிருந்து வரும் தூண்டுதல் தானாகக் குறையும். ஊசி போட்டு இயல்பைவிடப் பல மடங்கு ஏற்றிவிட்டால் கிட்டத்தட்ட நின்றே போகும். எல்.எச். என்ற இடத்தில் மெஷின் அளக்கக்கூடிய கடைசி எல்லைக்கும் கீழே என்று ரிப்போர்ட் வரும். வேலை இல்லாத விரை சுருங்கும். டெக்கா இந்த விஷயத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் நான்ட்ரோலோன் டெக்கனோயேட் எண்ணெயோடு தசைக்குள் தங்கி வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஊசியை நிறுத்திய தேதியும் உடம்புக்குள் மருந்து நின்ற தேதியும் ஒன்றல்ல. "நிறுத்தி இரண்டு மாதம்" என்று சொல்கிறீர்கள், உடம்பின் கணக்கில் அது அதைவிடக் குறைவு.

ஆக, பிரச்சினை மூலப்பொருள் பற்றாக்குறை இல்லை. மேலிருந்து வரும் தூண்டுதல் இல்லை, அவ்வளவுதான். டி3யும் ஜிங்க்கும் அந்தத் தூண்டுதலை எழுப்பும் பொருட்கள் அல்ல.

டி3 பற்றிய நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் நடந்த ஓர் ஆய்வு 2011-ல் வெளியானது. எடை குறைப்புத் திட்டத்தில் இருந்த, உடம்பு கூடிய, வைட்டமின் டி குறைவாக இருந்த ஆண்களுக்கு தினமும் 3,332 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) வீதம் ஒரு வருடம் கொடுத்தார்கள். மொத்த டெஸ்டோஸ்டிரோன் லிட்டருக்கு 10.7 நானோமோலிலிருந்து 13.4-க்கு ஏறியது. நம் ரிப்போர்ட்களில் வரும் அலகில் (டெசிலிட்டருக்கு நானோகிராம்) சொன்னால் சுமார் 309-லிருந்து 386. இதைப் பிடித்துக்கொண்டுதான் "டி3 போட்டால் டெஸ்டோஸ்டிரோன் ஏறும்" என்று யூடியூப் முழுக்கப் பேசுகிறார்கள். அதே கிராட்ஸ் ஊரிலிருந்தே பிறகு வந்த ஆய்வுகளை யாரும் சொல்வதில்லை. டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருக்கும் ஆண்கள், குறைவாக இருக்கும் ஆண்கள் என்று இரண்டு வகையினருக்கும் தனித்தனியாக வாரம் 20,000 ஐ.யு. வீதம் 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் ஏறவில்லை. முதல் ஆய்வே ஸ்டீராய்டு போட்டவர்களை வைத்துச் செய்ததல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டி குறைவாக இருந்தால் எலும்புக்காகச் சாப்பிடுங்கள், நல்லதுதான். டெஸ்டோஸ்டிரோனுக்காக என்றால் வீண்.

ஜிங்க் கதை இதைவிடப் பழையது. ஆனந்த பிரசாத் என்ற இந்தியாவில் பிறந்த மருத்துவர் 1950-களின் கடைசியில் ஈரானின் ஷிராஸ் நகரில் வேலை பார்த்தபோது, இருபது வயதைத் தொட்ட இளைஞர்கள் பத்து வயதுப் பையன் மாதிரி, பருவமே அடையாமல் வருவதைப் பார்த்தார். முழுக்க முழுக்க ரொட்டி சார்ந்த சாப்பாடு, அதில் இருக்கும் ஃபைட்டேட் ஜிங்க்கை உடம்பில் சேரவிடாது, கூடவே மண் தின்னும் பழக்கம். இதில்தான் ஜிங்க் குறைந்தால் ஆண் ஹார்மோன் வளர்ச்சி படுத்துவிடும் என்று தெரிய வந்தது. அந்த அளவுக்குக் குறைந்தவனுக்குக் கொடுத்தால் பலன் உண்டு. முட்டையும் கோழியும் கறியுமாகச் சாப்பிடும் ஜிம் ஆளுக்கு அந்தக் குறைபாடு வருவது அபூர்வம். தினம் 40 மில்லிகிராமுக்கு மேல் மாதக்கணக்கில் போட்டால் செம்புச் சத்து உடம்பில் சேராது, அதனால் ரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம்.

ஜிங்க்கை ஜிம்களுக்குக் கொண்டுவந்தது யார் தெரியுமா? ஜிங்க், மெக்னீசியம், பி6 மூன்றையும் சேர்த்து இசட்.எம்.ஏ. என்று விற்றவர் கலிஃபோர்னியாவின் விக்டர் கான்டே. அவர் பெயரும் சேர்ந்த ஓர் ஆய்வு 2000-ல் வந்தது, அமெரிக்கன் ஃபுட்பால் வீரர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியதாகச் சொன்னது. அவருக்குச் சம்பந்தமில்லாத ஆட்கள் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் செய்து பார்த்தபோது ஒன்றும் ஏறவில்லை. அப்புறம் 2003 செப்டம்பரில் அவருடைய பால்கோ கம்பெனியில் ரெய்டு நடந்தது. அவர் பெரிய பெரிய வீரர்களுக்கு ரகசியமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது டி.எச்.ஜி. என்ற, அதுவரை எந்த டெஸ்டிலும் சிக்காத ஸ்டீராய்டு. 2005-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு மாதம் சிறைக்குப் போனார். வீரர்களின் உடம்பு ஏறியதற்கு வெளியே சொன்ன காரணம் மாத்திரை, உள்ளே போனது வேறு. சப்ளிமென்ட் விளம்பரத்தில் கட்டுமஸ்தான ஆளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

சரி, பி6. இதில் கொஞ்சம் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும், அதனால்தான் டிரெய்னர்கள் நம்பிக்கையோடு சொல்கிறார்கள். பிட்யூட்டரி ப்ரோலாக்டினை அதிகம் விடாமல் தடுப்பது டோபமைன் என்ற மூளை ரசாயனம். மூளையில் டோபமைன் உருவாகும் கடைசிப் படியில் ஒரு என்சைம் வேலை செய்கிறது, அந்த என்சைமுக்குத் துணையாக பி6 தேவை. ஆகவே பி6 கூட்டினால் டோபமைன் கூடும், ப்ரோலாக்டின் குறையும் என்பது வாதம். காகிதத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் என்சைமுக்குத் தேவையான அளவு ஏற்கெனவே இருக்கும்போது மேலும் கொட்டுவதால் வேலை கூடாது. பால் கொடுக்கும் தாய்மாருக்குப் பால் நிறுத்த 1970-களில் இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, சிலவற்றில் பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை. அதைவிட முக்கியம், உங்களைப் போன்றவர்களுக்கு மார்பு வீங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் ப்ரோலாக்டின் இல்லை. டெஸ்டோஸ்டிரோன் ஊசியின் ஒரு பகுதி உடம்பில் எஸ்ட்ரடியால் என்ற பெண் ஹார்மோனாக மாறுகிறது, நிறுத்தியவுடன் டெஸ்டோஸ்டிரோன் விழுந்துவிடுகிறது, எஸ்ட்ரடியால் கை ஓங்குகிறது. வேரே வேறு இடத்தில் இருக்கும்போது பி6 என்ன செய்யும்?

"தண்ணீரில் கரையும் வைட்டமின், அதிகமானால் சிறுநீரில் போய்விடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். பி6-க்கு இது பொருந்தாது. 1983-ல் அமெரிக்காவில் வெளிவந்த கட்டுரையில் ஏழு பேரைப் பற்றி எழுதியிருந்தார்கள், தினம் 2 முதல் 6 கிராம் வரை பி6 சாப்பிட்டவர்கள். கால் மரத்து, நடை தள்ளாடி, கண்ணை மூடினால் நிற்க முடியாத நிலை. நிறுத்திய பிறகுதான் தேறத் தொடங்கினார்கள். அது பெரிய அளவு, உண்மைதான். ஆனால் அதற்குப் பிறகு மிகக் குறைந்த அளவிலும் நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு மரத்துப்போதல் வந்திருக்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் பெரியவர்களுக்கான மேல் எல்லையை தினம் 12 மில்லிகிராமாகக் குறைத்துவிட்டது. ஜிம்களில் சாதாரணமாகச் சொல்லும் அளவு 100, 200. பாதம் மதமதவென்று இருக்கிறது, விரல் நுனியில் ஊசி குத்துகிறது என்றால் அது உடற்பயிற்சியில் தசை புடைக்கும் "பம்ப்" இல்லை, மாத்திரையை நிறுத்திவிட்டு நரம்பு டாக்டரைப் பாருங்கள்.

நியாசினுக்கு வருகிறேன், இதை எழுதும்போது கொஞ்சம் கோபம் வருகிறது. ஸ்டானசோலால் போன்ற மாத்திரைகள் நல்ல கொலஸ்ட்ராலான எச்.டி.எல்.-ஐ அடித்து வீழ்த்தும். 1989-ல் பளு தூக்குபவர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில் ஆறே வாரத்தில் ஸ்டானசோலால் மாத்திரை எச்.டி.எல்.-ஐ 33 சதவீதம் இறக்கியது, டெஸ்டோஸ்டிரோன் ஊசி 9 சதவீதம். நியாசின் எச்.டி.எல்.-ஐ ஏற்றும், அதனால் இது அதற்கு மாற்று என்று கணக்குப் போடுகிறார்கள். நம்பரை ஏற்றும் என்பது உண்மை. இதயத்தைக் காக்குமா என்று 25,673 பேரை வைத்துச் செய்த பெரிய ஆய்வு 2014-ல் வந்தது, ஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு மேற்கொண்டு எந்தப் பலனும் இல்லை. சர்க்கரை நோய், வயிற்றுப் பிரச்சினை, ரத்தக்கசிவு எல்லாம் கூடின. கிராம் கணக்கில் போடும் நியாசின், குறிப்பாக மெதுவாகக் கரையும் வகை, ஈரலைக் கெடுக்கும். ஸ்டானசோலாலும் ஈரலைக் கெடுக்கும் மாத்திரைதான், வாய்வழி போனாலும் ஈரலில் அழியாமல் இருக்க அதன் மூலக்கூறிலேயே ஒரு மாற்றம் செய்திருக்கிறார்கள், அந்த மாற்றம்தான் ஈரலுக்குப் பிரச்சினை. ஒரே உறுப்பின் மேல் இரண்டு சுமை. மாத்திரையை நிறுத்தினால் எச்.டி.எல். பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே ஏறிவிடும், நியாசின் தேவையே இல்லை. இன்னொன்று, லிஸ்டில் நியாசினோடு வைட்டமின் ஈ-யையும் சேர்த்திருக்கிறார். 2001-ல் 160 இதய நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில் ஈ, சி, பீட்டா கரோட்டின், செலினியம் நான்கையும் சேர்த்துக் கொடுத்தபோது நியாசின் ஏற்றிய நல்ல கொலஸ்ட்ராலே மட்டுப்பட்டது. ஒன்றை ஒன்று அடிக்கும் இரண்டு மாத்திரையை ஒரே லிஸ்டில் எழுதியவரை என்ன சொல்வது.

ஈ தனியாகவும் அவ்வளவு அப்பாவி இல்லை. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து 2001-ல் தொடங்கிய செலக்ட் ஆய்வில் தினம் 400 ஐ.யு. சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 2011-ல் அறிவித்தார்கள். அவர்கள் 50 வயதைத் தாண்டியவர்கள், உங்களுக்கு 26, நாளைக்கே ஆபத்து என்று பயமுறுத்தவில்லை. "ஹார்மோன் பேலன்ஸ்" என்ற வார்த்தைக்குப் பின்னால் ஒன்றுமில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது பயோட்டின். கேள்வியில் நீங்கள் கடைசியாக, போகிற போக்கில் சொன்னது இது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது இதுதான்.

உடம்புக்குத் தினம் தேவைப்படும் பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். முடி மாத்திரைகளிலும் கம்மி மிட்டாய்களிலும் 5,000, 10,000 மைக்ரோகிராம் என்று இருக்கும். அதாவது தேவையைப்போல் நூறு மடங்குக்கும் மேல். ஸ்டீராய்டால் கொட்டும் முடிக்கு இது உதவுமா என்றால் இல்லை, அந்த முடி டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உருவாகும் டி.எச்.டி. போன்ற ஆண் ஹார்மோனால் கொட்டுகிறது, பயோட்டினுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சரி, பலன் இல்லாவிட்டால் காசுதானே போகும் என்று விட்டுவிடலாம். விட முடியாததற்குக் காரணம் எங்கள் மெஷின்.

பல லேப்களில் ஹார்மோன் அளக்கும் மெஷின்கள் பயோட்டினும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்ளும் குணத்தை வைத்து வேலை செய்கின்றன. எல்.எச். டெஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரத்தத்தில் இருக்கும் எல்.எச்.-ஐ இரண்டு ஆன்டிபாடிகள் (ஒரு குறிப்பிட்ட பொருளை மட்டும் பிடிக்கும் புரதங்கள்) இரண்டு பக்கமும் பிடிக்கும். ஒன்றில் பயோட்டின் ஒட்டியிருக்கும், இன்னொன்றில் ஒளிரும் பொருள். பிறகு ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய குட்டிக் காந்த மணிகளைப் போடுவோம், அவை பயோட்டின் வாலைப் பிடித்து மொத்தக் கூட்டத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், மீதியைக் கழுவிவிட்டு ஒளியை அளப்போம். ஒளி அதிகம் என்றால் எல்.எச். அதிகம். உங்கள் ரத்தத்தில் மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் நிறைய மிதந்தால், கூட்டம் வருவதற்கு முன்பே அது மணிகளில் பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல இடம் பிடித்துவிடும். நிஜமான கூட்டம் இடமில்லாமல் கழுவலில் போய்விடும். ஒளி குறையும். எல்.எச். குறைவு என்று ரிப்போர்ட் வரும். எஃப்.எஸ்.எச்., ப்ரோலாக்டின், தைராய்டுக்குப் பார்க்கும் டி.எஸ்.எச். எல்லாவற்றுக்கும் இதே கதி.

டெஸ்டோஸ்டிரோன், எஸ்ட்ரடியால் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்கு டெஸ்ட் முறை தலைகீழ். அங்கே உங்கள் டெஸ்டோஸ்டிரோனும் லேபின் ஒளிரும் டெஸ்டோஸ்டிரோனும் ஒரே ஆன்டிபாடிக்குப் போட்டி போடும். ஒளி குறைந்தால் உங்களுடையது அதிகம் ஜெயித்தது என்று அர்த்தம். பயோட்டின் இங்கேயும் ஒளியைக் குறைக்கும், அதனால் டெஸ்டோஸ்டிரோன் அதிகம், எஸ்ட்ரடியால் அதிகம் என்று வரும்.

இரண்டையும் சேர்த்து வைத்து ஒரு ரிப்போர்ட்டைக் கற்பனை செய்து பாருங்கள். டெஸ்டோஸ்டிரோன் அதிகம், எல்.எச். குறைவு, எஃப்.எஸ்.எச். குறைவு. எந்த ஹார்மோன் டாக்டர் பார்த்தாலும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்: இந்தப் பையன் இன்னும் ஊசி போடுகிறான், என்னிடம் பொய் சொல்கிறான். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போடுபவரின் ரிப்போர்ட் அச்சாக இப்படித்தான் இருக்கும். நிஜத்தில் உங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் தரையில் கிடக்கலாம், எல்.எச். மெல்ல எழுந்துகொண்டிருக்கலாம். வேறு விதமாகவும் கெடுக்கும். ரிப்போர்ட்டை நீங்களே பார்த்து "டெஸ்டோஸ்டிரோன் வந்துவிட்டது" என்று சந்தோஷப்பட்டு அடுத்த சைக்கிளைத் தொடங்கலாம். எஸ்ட்ரடியால் அதிகம் என்று பார்த்த டிரெய்னர் எஸ்ட்ரடியாலைக் குறைக்கும் அனாஸ்ட்ரசோல் மாத்திரையைக் கொடுத்து, இல்லாத எஸ்ட்ரடியாலை இன்னும் நசுக்கலாம், மூட்டு வலியும் ஆசைக் குறைவும் கூடும். ப்ரோலாக்டின் குறைந்தது பி6-ஆல் என்று நினைக்கலாம், குறைத்தது பயோட்டின், அதுவும் காகிதத்தில் மட்டும்!

இது வெறும் ஹார்மோனோடு நிற்பதில்லை. மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் டெஸ்டும் சில மெஷின்களில் இதே முறைதான். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டபோது, அதிக பயோட்டின் சாப்பிட்ட ஒருவருக்கு ட்ரோபோனின் தவறாகக் குறைவாகக் காட்டி அவர் இறந்துபோனதைக் குறிப்பிட்டது. ஸ்டீராய்டு போட்டு எச்.டி.எல். விழுந்து ரத்தம் கெட்டியான ஒருவர் நெஞ்சுவலியோடு எமர்ஜென்சிக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதல் வார்த்தையாகப் பயோட்டினையும் ஸ்டீராய்டையும் சொல்லிவிட வேண்டும். டெஸ்டுக்குப் பயன்படும் புதிய ரசாயனங்களில் (ரீஏஜென்ட்) பயோட்டினைத் தாங்கும் அளவைக் கூட்டியிருக்கிறார்கள், எல்லா லேபிலும் எல்லா டெஸ்டுக்கும் அது வந்துவிட்டதா என்பதை நீங்கள் வெளியிலிருந்து அறிய முடியாது. ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அது போதும். கம்மி மிட்டாய், மல்டிவைட்டமின், "ஸ்கின் ஹேர் நெயில்" பாக்கெட் எல்லாவற்றின் பின்னாலும் திருப்பிப் பாருங்கள்.

நான்ட்ரோலோன் பற்றியும் இந்த இடத்திலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அதன் உருவம் டெஸ்டோஸ்டிரோனை ஒத்தது, சில மெஷின்களின் ஆன்டிபாடி அதையும் டெஸ்டோஸ்டிரோன் என்றே எண்ணிக்கொள்ளும். ஆன்டிபாடி இல்லாமல் மூலக்கூறின் எடையை வைத்து அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் டெஸ்டோஸ்டிரோன் பார்க்கும் லேப் கிடைத்தால் அங்கே கொடுங்கள், விலை கொஞ்சம் கூட, பயோட்டின் தொல்லையும் அதில் இல்லை.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து யாராவது சொல்வார்கள் என்பதால் வைட்டமின் ஊசி பற்றியும். பிரேசிலில் மாடு, குதிரைக்குப் போடும் ஏ, டி, ஈ வைட்டமின் எண்ணெய் ஊசியைக் கைத்தசை பெரிதாகத் தெரிய வேண்டும் என்று பாடிபில்டர்கள் நேராகத் தசைக்குள் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது, பலர் ஸ்டீராய்டோடு சேர்த்து. சிறுநீரக டாக்டர்கள் அங்கிருந்து தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள்: வாந்தி, அடங்காத தாகம், குழப்பம், ரத்தத்தில் கால்சியம் ஏகத்துக்கு ஏறி சிறுநீரகம் செயலிழந்து வந்து சேரும் இளைஞர்கள். இதுவும் ஹார்மோன் கதைதான். வைட்டமின் டி என்பதே உடம்பில் ஹார்மோனாக மாறும் பொருள், அது குடலிலிருந்து கால்சியத்தை இழுக்கும். கால்சியம் ஏறினால் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி தன் ஹார்மோனை நிறுத்திப் பார்க்கும், ரிப்போர்ட்டில் பி.டி.எச். அடியோடு விழுந்திருக்கும், ஆனால் டி உள்ளே வந்துகொண்டே இருப்பதால் அந்தத் தடுப்பு போதாது. கொழுப்பில் தங்கும் வைட்டமின் என்பதால் ஊசியை நிறுத்தினாலும் மாதக்கணக்கில் அடங்காது. எண்ணெய் தங்கிய இடத்தைச் சுற்றிக் கட்டிகள் உருவாகும், அந்தக் கட்டியில் இருக்கும் செல்களே டி-யைத் தீவிர வடிவத்துக்கு மாற்றிக்கொண்டிருக்கும், சிறுநீரகத்தின் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல். வைட்டமினே இல்லாத வெறும் பாரஃபின் எண்ணெயைத் தசையில் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் டென்மார்க்கில் இதே மாதிரி கால்சியம் ஏறி சிறுநீரகத்தில் படிந்திருக்கிறது. நம் மெடிக்கல் ஷாப்களில் ஆறு லட்சம் ஐ.யு. டி3 ஊசி கிடைக்கிறது. டாக்டர் சொல்லி ஒன்று போடுவது வேறு. "எனர்ஜி இல்லை" என்று ஜிம் ஆள் சொல்ல வாராவாரம் போட்டுக்கொள்வது வேறு. தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல் சேர்ந்து வந்தால் அன்றைக்கே கால்சியம் பாருங்கள்.

"வைட்டமின்தானே" என்ற உங்கள் சொல்லுக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. பாட்டிலில் வைட்டமின் என்று எழுதியிருந்தால் உள்ளே அதுதான் இருக்கும் என்று யார் சொன்னது? 2013 ஜூலையில் அமெரிக்க மருந்து நிர்வாகம் பி-50 என்ற பி வைட்டமின் மாத்திரை ஒன்றைச் சாப்பிட வேண்டாம் என்று எச்சரித்தது. சோதித்துப் பார்த்தால் மெத்தாஸ்டிரோன், டைமெத்தாசின் என்று இரண்டு அனபாலிக் ஸ்டீராய்டு. பெண்களுக்கு மாதவிடாய் நின்று தேவையில்லாத இடத்தில் முடி வளர்ந்தது, ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் விழுந்து ஆண்மைக் குறைவு, ஈரல் டெஸ்ட்கள் கெட்டன. பி வைட்டமின் சாப்பிடுகிறோம் என்று நம்பியவர்கள். அதற்கும் முன்பே ஜெர்மனியின் கொலோன் லேப் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்ததில் 94-ல் லேபிளில் எழுதாத ஹார்மோன் பொருட்கள் இருந்தன, கிட்டத்தட்ட ஏழில் ஒன்று. கிழக்கு ஜெர்மனியில் நடந்தது இதையெல்லாம் தாண்டியது, பதின்ம வயது நீச்சல் பெண்களுக்கு ஓரல் டியூரினாபால் ஸ்டீராய்டை வைட்டமின் என்று சொல்லியே கொடுத்தார்கள், அதற்கான தண்டனை 2000-ல் பெர்லின் நீதிமன்றத்தில் வந்தது, அதுவும் நிறுத்தி வைக்கப்பட்ட சிறைத்தண்டனை. நீங்கள் ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒரு "பிசிடி (சைக்கிளுக்குப் பிறகான சிகிச்சை) வைட்டமின்" டப்பாவைச் சாப்பிட்டால், எல்.எச். எழாமல் இருப்பதற்கு அந்த டப்பாவே காரணமாக இருக்கலாம். போட்டிக்குப் போகிறவராக இருந்தால் கூடுதலாக ஒன்று: வைட்டமின் தடை செய்யப்பட்ட பொருள் இல்லை, ஆனால் ஆஸ்பத்திரி சிகிச்சை போன்ற சில விலக்குகள் தவிர, 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் ரத்தக்குழாய் வழியாக எதை ஏற்றினாலும் தடைதான். அமெரிக்க நீச்சல் வீரர் ரையன் லாக்டி வைட்டமின் ட்ரிப் ஏற்றும் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு 2018-ல் 14 மாதம் தடை வாங்கினார்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. எண்டோகிரைனாலஜி டாக்டரிடம் போங்கள், போட்ட மருந்தின் பெயர், அளவு, கடைசித் தேதி எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள், வைட்டமின் டப்பாக்களையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். ரத்தம் காலையில், பத்து மணிக்குள், வெறும் வயிற்றில். அதற்கு முன் சில நாள் கடுமையான வொர்க்அவுட் வேண்டாம், தசை உடைந்தாலே ஈரல் டெஸ்டில் வரும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. ஏறிவிடும், ஈரல் கெட்டுவிட்டது என்று தேவையில்லாமல் பயப்படுவீர்கள். தசையைக் காட்டும் சி.பி.கே.-யும் ஈரலைக் காட்டும் ஜி.ஜி.டி.-யும் சேர்த்துப் பார்த்தால் தசையா ஈரலா என்று பிரித்துவிடலாம். டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., எஸ்ட்ரடியால், ப்ரோலாக்டின், டி.எஸ்.எச். இவற்றோடு ஹீமடோக்ரிட்டும் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) கேளுங்கள், டெஸ்டோஸ்டிரோன் சிவப்பணுவைக் கூட்டி ரத்தத்தைக் கெட்டியாக்கும், 54 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டர்கள் சும்மா விடமாட்டார்கள். சோர்வுக்கு இரும்பு மாத்திரை வேண்டுமா என்பதையும் அதைப் பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். கூடவே கொழுப்பு, கால்சியம், சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியாட்டினின், வைட்டமின் டி அளவைக் காட்டும் 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி. இந்த டி குறைந்திருந்தால் உங்கள் லிஸ்டில் அது மட்டும், டாக்டர் சொல்லும் அளவில் நிற்கட்டும்.

"எதிலும் ஆர்வமில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். டெஸ்டோஸ்டிரோன் விழுந்த மாதங்களில் மனச்சோர்வு ஆழமாகப் போகும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் போனவர்கள் உண்டு. அப்படி ஏதாவது தோன்றினால் அப்பாயின்ட்மென்ட் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கல்யாணம், குழந்தை என்று யோசனை இருந்தால் விந்தணு டெஸ்டும் கொடுங்கள், ஆனால் தேதியைக் கணக்கில் வைத்துக்கொண்டு. ஒரு விந்தணு உருவாகி வெளியே வரச் சுமார் இரண்டரை மாதம் ஆகும், ஆகவே இப்போது கொடுக்கும் சாம்பிளில் இருப்பது நீங்கள் சைக்கிளில் இருந்த காலத்தில் தொடங்கிய வேலை. பூஜ்யம் என்று வந்தாலும் அதை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், எதையும் போடாமல் மூன்று மாதம் விட்டு அதே லேபில் மறுபடி கொடுங்கள்.